வலப்பக்க வகிடு

காலை ஐந்து நாற்பது. விருத்தாசலம் பேருந்து நிலைய வாசலில் நின்ற ஆட்டோவின் பக்கக் கண்ணாடி முன் ஒரு பெண் குனிந்து நின்றிருந்தார். இடது கையில் உள்ளங்கை அளவு போட்டோ, வலது கையில் சீப்பு. போட்டோவைக் கண்ணாடியை ஒட்டிப் பிடித்து, இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, வகிடு எடுத்துக்கொண்டிருந்தார். ஆட்டோக்காரர் உள்ளே உட்கார்ந்து டீ குடித்தபடி, அவர் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

நான் சென்னையிலிருந்து வரும் பேப்பர் கட்டுக்காக நின்றிருந்தேன். அப்போது ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கட்டுப் பிரிக்கிற இடத்தில் நின்றால் நான் அனுப்பிய செய்தி வந்திருக்கிறதா என்று முதலில் தெரிந்துவிடும்.

அவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, கொஞ்சம் பாரு. போட்டோல இருக்கிற மாதிரியே இருக்குதா?"

போட்டோவில் இருந்ததும் அவர்தான். வெளிறிய சேலை, பொட்டு இல்லை, பாதி நரைத்த தலை, பக்க வகிடு. பின்னால் ஒரு கடைப் பலகையின் துண்டு. ஓரத்தில் வேறு யாருடைய தோளோ வெட்டப்பட்டிருந்தது. போட்டோவில் வகிடு என் இடது கைப்பக்கம் இருந்தது. அவர் தலையில் அவருடைய இடப்பக்கம் எடுத்திருந்தார்.

"தப்பு அக்கா. போட்டோல எனக்கு இடது பக்கம் தெரிஞ்சா அது உங்களுக்கு வலது பக்கம். எதிர்ல நின்னு பாக்கறோம்ல. கண்ணாடிதான் மாத்திக் காட்டும். கண்ணாடியப் பாத்து எடுத்ததாலதான் தப்பாப் போச்சு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "கை என்னமோ இந்தப் பக்கமே போவுது தம்பி."

"போட்டோ பொய் சொல்லாதுக்கா."

அவர் தலையைக் கலைத்து வலப்பக்கம் வகிடெடுத்தார். நான் பார்த்துச் சரி என்றேன். "நல்ல வேள, நீ இருந்த" என்று சொல்லிவிட்டுச் சென்னை பஸ்ஸில் ஏறினார்.

சினிமாவில் இதைக் கண்டினியூட்டி என்பார்கள். ஒருவர் வாசலிலிருந்து உள்ளே வருகிற காட்சியை மார்ச்சில் எடுப்பார்கள். உள்ளே வந்து உட்காருவதை அடுத்த வருஷம் எடுப்பார்கள். திரையில் இரண்டுக்கும் நடுவே இரண்டு நொடிதான். அந்த இரண்டு நொடிக்காக நடிகர் ஒரு வருஷம் மாறாமல் இருக்க வேண்டும். பெரிய நடிகர்களுக்கு இதைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு. அவருக்கு அந்தப் போட்டோ மட்டும் இருந்தது.

செராமிக் பேட்டைக்குப் பின்னால் உள்ள தெருவில் ஒற்றை அறையில் குடியிருந்தார். அங்கே எல்லோரும் சினிமாக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தேழு வருஷத்தில் இருநூறு படங்களுக்கு மேல் நடித்திருந்தார். எந்தப் படத்திலும் அவர் பாத்திரத்துக்குப் பெயர் இல்லை. நர்ஸ், பக்கத்து வீட்டுக்காரி, ரேஷன் கடை வரிசையில் மூன்றாவது பெண், கல்யாண வீட்டில் தாம்பூலம் வாங்குகிறவர், சாவு வீட்டில் அழுகிறவர்.

"என் மூஞ்சி தெரிஞ்ச நேரத்த எல்லாம் ஒண்ணாச் சேத்து ஓட்டினா, ஒரு டீ ஆறுற நேரம் வராது தம்பி" என்பார். குறைபட்டுக்கொள்ளும் தொனியில் சொல்வதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொல்வார்.

அவருடைய கணவர் இங்கே ஒரு செராமிக் யூனிட்டில் பிளாஸ்டர் அச்சு செய்கிறவர். விளக்கு, கோப்பை, பொம்மை எல்லாவற்றுக்கும் அச்சு வேண்டும். அதே பிளாஸ்டரில் தூணும் சிலையும் செய்து கொடுக்கச் சென்னையில் செட் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கூடப் போன மனைவியை, சோறு கொண்டுவந்த இடத்தில் ஒரு ஏஜெண்ட் பார்த்து, கூட்டத்தில் ஒரு ஆள் குறைகிறது, நிற்கிறாயா என்று கேட்டார். அன்று நின்றதுதான். சில வருஷத்தில் கணவர் வேறொரு பெண்ணோடு ஐதராபாத்துக்கு செட் வேலைக்குப் போய்த் தங்கிவிட்டார். இவர் கைக்குழந்தையோடு சென்னையில் வாடகை கொடுக்க முடிந்தவரை கொடுத்துவிட்டு, விருத்தாசலத்துக்கே திரும்பினார். ஏஜெண்ட் போன் செய்தால் விடிகாலை பஸ். போன் வராத நாட்களில் செராமிக் யூனிட்டில் பினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த அகல் விளக்கின் விளிம்பில் ஒரு கோடு நிற்கும். அதைக் கத்தியால் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துக் கோடு தெரியாமல் செய்ய வேண்டும்.

சினிமாக் கூலியின் கணக்கை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சும்மா நின்றால் ஒரு கூலி. சொந்தப் பட்டுச் சேலையில் வந்து நின்றால் அதற்கு மேல் கொஞ்சம். மழையில் நனைந்தால் கொஞ்சம். கீழே விழுந்தால் கொஞ்சம். ஒரு வார்த்தை பேசினால் அது வேறு கூலி. எல்லாவற்றிலும் ஏஜெண்டுக்குப் பங்கு. ஆகவே கிடைத்ததில் பெரும்பகுதியைச் சேலையில் போட்டார். அறையில் இரண்டு இரும்புப் பெட்டிகள் இருந்தன. சேலைகளை நிறம் பார்த்தோ விலை பார்த்தோ அடுக்கவில்லை. கல்யாண வீடு, சாவு வீடு, ஆஸ்பத்திரி, மார்க்கெட் என்று அடுக்கியிருந்தார். அவ்வளவுதான் சொத்து.

ஐம்பதைத் தாண்டிய வயதில் அவருக்கு ஒரு வேஷம் கிடைத்தது. கதாநாயகனுடைய நண்பனின் அம்மா. ஏழு காட்சிகள், வசனம் உண்டு. ஏஜெண்ட் நடுவில் இல்லாமல் கம்பெனியே பேசிய சம்பளம் நாற்பதாயிரம். திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் ஐந்து காட்சிகள் எடுத்தார்கள். பதினைந்தாயிரம் கையில் வந்தது. மீதி இரண்டு காட்சி இரண்டாவது ஷெடியூலில், மீதிப் பணமும் அப்போதுதான். டைட்டிலில் பெயர் போடுவதாகவும் சொல்லியிருந்தார்கள். கிளம்பும் நாளில் இவர் கேட்டுக்கொண்டதால், உதவி இயக்குநராக இருந்த ஒரு பெண் தன் செல்போனில் இவரோடு சேர்ந்து நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பினாள். இவர் இங்கே ஸ்டூடியோவில் கொடுத்து, அந்தப் பெண்ணை வெட்டிவிட்டுப் பிரிண்ட் போட்டுக்கொண்டார். செல்போன் தொலைந்தாலும் போட்டோ இருக்க வேண்டும் என்று.

அதற்குப் பிறகு அவர் மாறவில்லை. அந்த வேஷத்துக்காகச் சாயம் போடாமல் விட்ட தலையை அப்படியே வைத்திருந்தார். கல்யாண வீட்டுக் காட்சிகளுக்கு நரைத்த தலை வேண்டாம் என்று ஏஜெண்ட் சொன்னார். போடமாட்டேன் என்றார். கல்யாண வீடு நின்றது. பிறகு மார்க்கெட்டும் நின்றது. பட்டுச் சேலைகள் இருந்த பெட்டியின் மேல் சமையல் சாமான்கள் ஏறின. ரவிக்கை அளவு மாறக்கூடாது என்று மாலையில் சாப்பிடுவதை விட்டார். யூனிட்டில் விளக்குகளை வெயிலில் காயவைக்கும் வேலைக்கு மட்டும் போக மாட்டார்.

"ஏங்க்கா, நீ கறுத்துட்டா ஹீரோ கோச்சுக்குவாரா?" என்று கூட வேலை செய்யும் பெண்கள் கேட்பார்கள்.

"ஹீரோ என்னைப் பாத்தாத்தானடி கோச்சுக்குவாரு. கேமராமேன் கோச்சுக்குவாரு. ரெண்டு சீன்ல ரெண்டு கலரா இருந்தா தியேட்டர்ல சிரிப்பான்."

"எங்க புள்ளைங்கள அனுப்பறோம், சிரிக்காம இருக்கச் சொல்லி."

"டிக்கெட்டு நீ எடுத்துக் குடு" என்பார் அவர். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். வெயிலுக்கு மட்டும் வர மாட்டார்.

மாதம் ஒரு முறை அதே வெளிறிய சேலையில் சென்னைக்குப் போய்க் கம்பெனி ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். "அதே கெட்டப்புல போனாத்தான் டைரக்டர் கண்ணுல பட்டா ஞாபகம் வரும்" என்பது அவர் கருத்து. ஒவ்வொரு முறையும் பஸ் ஏறும் முன் என்னைத் தேடி வந்து வகிட்டைக் காட்டுவார். நான் போட்டோவை வாங்கிப் பார்த்துவிட்டுச் சரி என்பேன்.

கட்டியை முதலில் கவனித்தது மகள். மங்கலம்பேட்டையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறவள், புருஷன் துபாயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள், அம்மா தண்ணீர் குடிக்கும்போது கழுத்தில் ஏதோ ஏறி இறங்குவதைப் பார்த்தாள். எலுமிச்சம்பழத்தில் பாதி அளவு. பேப்பர்காரர் கூட வந்தால் டாக்டர் நின்று பேசுவார் என்று நம்பி என்னையும் புதுச்சேரிக்கு அழைத்தாள். அந்த டாக்டர் யார் வந்தாலும் நின்று பேசுகிறவராகத்தான் இருந்தார். ஊசி குத்தி எடுத்த சோதனையின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, தள்ளிப்போடக் கூடாது, அடுத்த வாரமே ஆபரேஷனுக்குச் சேர்ந்துவிடுங்கள் என்றார்.

அவர் ஒன்றுதான் கேட்டார். "தழும்பு தெரியுமா சார்?"

"தெரியும்மா. கழுத்துல குறுக்க ஒரு கோடு. போகப் போக மங்கிடும்."

"எத்தன நாள்ல?"

"ஒரு வருஷம் ஆகும். அதப் பத்தி இப்ப என்ன?"

அவர் எழுந்து வெளியே வந்தார். ஆஸ்பத்திரி வளாகத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார வைத்து மகள் பேசினாள். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன்.

"அம்மா, அந்தப் படத்த விட்டுடு."

"அஞ்சு சீன் எடுத்துட்டாங்கடி. இப்ப கழுத்துல கோடு போட்டுக்கிட்டுப் போனா, அந்த அஞ்சையும் தூக்கிட்டு வேற ஆளப் போட்டு எடுத்துடுவாங்க."

"எடுத்துட்டுப் போறாங்க."

"எடுத்தா நான் எங்க இருக்கிறது?"

"இருவத்தேழு வருசம் எங்க இருந்த?"

"கூட்டத்துல."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்களாவது சொல்லுங்கண்ணே" என்றாள். நான் சொன்னேன். நான் சொன்னது எல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். "ரெண்டே சீன் தம்பி. முடிஞ்ச மறுநாள் நானே வந்து படுத்துக்கறேன்" என்றார்.

அதன்பின் ஏழு மாதம் போனது. கட்டி முழு எலுமிச்சம்பழம் ஆனது. குரல் கம்மியது. யூனிட்டில் குனிந்து வேலை செய்தால் மூச்சு இழுத்தது. அவர் கண்ணாடியில் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நேராகக் கழுத்தை மட்டும் பார்க்கத் தொடங்கினார். தழும்பு வந்தால் வேஷம் போய்விடும் என்று பயந்தவரின் கழுத்து, தழும்பு இல்லாமலே வேறு கழுத்தாகிக்கொண்டிருந்தது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மகள் சொன்னாள். "இப்ப மட்டும் கண்டினியூட்டி இருக்குதாம்மா?"

"முந்தானைய ஏத்திப் போட்டா தெரியாது" என்றார்.

கம்பெனியிலிருந்து ஒரு காலையில் போன் வந்தது. அடுத்த வாரம் ஷெடியூல், இப்போது எப்படி இருக்கிறீர்கள், ஒரு போட்டோ அனுப்புங்கள் என்றார்கள். எட்டு மணிக்கு அவர் அதே சேலையில் என் வீட்டுக்கு வந்தார். வலப்பக்க வகிடு. கையில் பழைய போட்டோ.

"அங்க கம்பெனில வெளிச்சம் அடிப்பாங்க, ஒண்ணும் தெரியாது. இது ஒண்ணுல மட்டும் தெரியாமப் பாத்துக்க தம்பி."

அவரை ஜன்னல் பக்கம் நிறுத்தினேன். முகவாயைக் கொஞ்சம் இறக்கச் சொன்னேன். இன்னும் கொஞ்சம். தாடையின் நிழல் கழுத்தில் விழுந்தது. விபத்துகளையும் பிணங்களையும் அவை இருந்தபடி எடுத்துப் பழகிய கேமரா அது. நான்கு படங்கள் எடுத்து, கட்டி தெரியாத ஒன்றை அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் 'ஓகே மா' என்று பதில் வந்தது. அவர் அதை என்னைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

அன்று மாலை மகள் போன் செய்தாள். "நீங்களும் சேந்துட்டீங்களாண்ணே" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டாள்.

போன மூன்றாம் நாள் ஷூட்டிங் முடிந்து வந்தார். பஸ் நிலையத்து டீக்கடையில் வைத்துச் சொன்னார். கதையை மாற்றியிருந்தார்கள். மீதி இரண்டு காட்சிகளும் ஒரே காட்சியாகிவிட்டன. நண்பனின் அம்மா செத்துக் கிடக்கிறாள்.

"வாசல்ல பெஞ்சு போட்டுப் படுக்க வச்சாங்க. நாடிக்கட்டு கட்டிட்டாங்க. கழுத்து வரைக்கும் மாலை. ஒண்ணு இல்ல, ஏழு மாலை. ஒருத்தரும் கழுத்தப் பாக்கல தம்பி. மேக்கப்மேன்கூடப் பாக்கல."

"பேசற வசனம்?"

"பொணம் என்னா பேசும்?"

டீயை விழுங்க அவருக்கு நேரமானது. பிறகு சொன்னார்.

"பொணமா படுத்தவங்கள அப்பிடியே விட மாட்டாங்க. ஷாட் முடிஞ்சதும் எழுப்பி ஒக்கார வச்சு, கேமராவப் பாத்துச் சிரிக்க வப்பாங்க. தோஷம் போவணும்னு. அதையும் எடுப்பாங்க, படத்துல போட மாட்டாங்க. எனக்கும் எடுத்தாங்க. நல்லாச் சிரிச்சேன். சத்தம்தான் வரல. லைட்பாய்ங்க எல்லாம் கை தட்டுனாங்க."

மீதிப் பணத்தில் பாதி கொடுத்திருந்தார்கள். இன்னொரு பாதி டப்பிங் முடிந்ததும் என்றார்களாம். டப்பிங்குக்கு அவரைக் கூப்பிடவில்லை.

சொன்னபடி மறுநாள் புதுச்சேரிக்கு வந்து படுத்துக்கொண்டார். ஆபரேஷன் நாளன்று காலையில் நானும் மகளும் வார்டில் இருந்தோம். ஒரு நர்ஸ் வந்து, உள்ளே கொண்டுபோகும் முன் எல்லாப் பெண்களுக்கும் செய்வதுபோல, அவர் தலையை அவிழ்த்து நடுவகிடு எடுத்து இரட்டைப் பின்னல் போட்டார். அவர் கையைத் தூக்கி வகிட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு தலையணைக்குக் கீழிருந்து போட்டோவை எடுத்து என்னிடம் கொடுத்தார். குரல் அப்போது காதை அருகில் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"வச்சிரு தம்பி. விட்டுப்போன ஷாட்டு, பேட்ச் ஒர்க் ஏதாச்சும் இருந்தா மறுபடியும் கூப்பிடுவாங்க."

கட்டி மூச்சுக்குழாய் வரை போயிருந்தது. எடுக்க முடிந்ததை எடுத்தார்கள். கழுத்தில் ஒரு ஓட்டை வைத்து, அதில் ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். மங்கலம்பேட்டையில் மகள் வீட்டில் ஐந்து மாதம் இருந்தார். துணிக்கடைக்குப் போகும் முன் மகள் தினமும் அவருக்குத் தலை வாரிவிடுவாள். வலப்பக்கம்தான் எடுக்க வேண்டும் என்று விரலால் காட்டுவாராம். தை மாதம் இறந்தார். இரும்புப் பெட்டிச் சேலைகளை யூனிட்டுப் பெண்கள் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டார்கள்.

படம் சித்திரையில் வந்தது. விருத்தாசலத்தில் மூன்று நாள் ஓடியது. இரண்டாம் நாள் மதியக் காட்சிக்கு நானும் மகளும் போனோம். முப்பது பேர் இருப்பார்கள். அவர் திரையில் வந்ததும் மகள் முன்சீட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மகனுக்குச் சோறு போடுகிறார், வாசலில் நின்று திட்டுகிறார், ஒரு முறை சிரிக்கிறார். குரல் வேறு யாருடையதோ.

மகள் மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள். "வகிடு வேற பக்கம் இருக்குதேண்ணே."

அவர் தலையில் இடப்பக்கம் வகிடு எடுத்திருந்தது. ஐந்து காட்சிகளிலும் இடப்பக்கம். இடைவேளைக்குப் பின் அந்த வாசல், பெஞ்சு, ஏழு மாலைகள். கேமரா தலைமாட்டிலிருந்து மெதுவாக இறங்கியது. வகிடு வலப்பக்கம். தியேட்டரில் யாரும் சிரிக்கவில்லை. பெயர்கள் ஓடத் தொடங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து, மகளை மங்கலம்பேட்டை பஸ்ஸில் ஏற்றிவிட்டுப் பையிலிருந்த போட்டோவை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் வெட்டுப்பட்ட தோள், போட்டோ எடுத்த அந்தப் பெண்ணுடையது. இவரோடு நின்று, செல்போனை முன்னால் நீட்டிப் பிடித்து எடுத்திருக்கிறாள். சில செல்போன்களில் அப்படி எடுக்கிற படம், கண்ணாடி காட்டுவதுபோல இடம் வலம் மாறித்தான் பதியும். அவருக்குப் பின்னால் இருந்தது ஒரு டீக்கடைப் பலகை. அதில் எழுத்துகள் எல்லாம் திரும்பியிருந்தன.